தட்டணுவின் புரதமும் கண்ணாடியின் அயனியும்

பரிசோதனைக் கூடத்தில் எடுக்கும் ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு மூன்று குழாய்களில் பிரித்து ஊற்றுவார்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள் இருக்கும். சிவப்பு மூடிக் குழாயில் அது இருக்காது. ரத்தம் அதில் சீக்கிரம் உறைய வேண்டும் என்பதற்காகவே பிளாஸ்டிக் சுவரின் உட்புறம் நுண்ணிய சிலிக்காத் தூளைப் பூசியிருப்பார்கள். உறைந்த கட்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர் சீரம். உறையவிடாமல் சுழற்றிப் பிரித்தெடுத்தால் கிடைப்பது பிளாஸ்மா. பிளாஸ்மாவிலிருந்து ஃபைப்ரினோஜன் என்னும் உறைபுரதத்தைக் கழித்தால் சீரம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அது பாதி உண்மைதான். ரத்தம் உறையும்போது அதிலிருந்து ஒன்று கழிவதோடு வேறு பலவும் அதில் சேர்கின்றன. சேர்பவற்றுள் முக்கியமான ஒன்றை அடையாளம் கண்டதிலிருந்துதான் திசு மீளாக்கம் என்ற இன்றைய மருத்துவத் துறையின் ஒரு பெரிய கிளை தொடங்கியது.

செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகச் சீரத்தை ஊற்றித்தான் வளர்த்தார்கள். பிளாஸ்மாவில் அதே செல்கள் சாகாமல் இருக்கும், ஆனால் பெருகாது. இந்த வேறுபாட்டின் காரணத்தை 1974இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ராஸும் அவருடைய குழுவினரும் எளிமையான ஒரு சோதனையால் காட்டினார்கள். ராஸ் முதலில் பல் மருத்துவம் படித்தவர். பிறகு புண் ஆறும் விதத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று நோயியலுக்கு வந்தவர். குரங்கின் தமனிச் சுவரிலிருந்து எடுத்த மென்தசைச் செல்களுக்கு, தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து செய்த சீரத்தைக் கொடுத்தார்கள். செல்கள் அசையாமல் கிடந்தன. அதே பிளாஸ்மாவில் தட்டணுக்களையும் கால்சியத்தையும் சேர்த்து உறையவைத்துக் கொடுத்தபோது பெருகத் தொடங்கின. த்ராம்பின் என்ற நொதியால் தட்டணுக்களைத் தூண்டி, அவை வெளியிட்ட திரவத்தை மட்டும் கொடுத்தாலும் பெருகின. ஆக, அந்தச் சக்தி தட்டணுவுக்குள் அடைந்திருக்கிறது, உறையும் தறுவாயில் வெளியே வருகிறது.

டெங்குக் காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்படும் பிளேட்லெட்தான் இந்தத் தட்டணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். உட்கரு கிடையாது, ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். காயத்தை அடைப்பது மட்டுமே அதன் வேலை என்று கருதியிருந்த காலம் 1974ஓடு முடிந்தது. தட்டணுவின் ஆல்பா துகள்களில் இருந்த புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 1979இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஹெல்டின், வெஸ்டர்மார்க், வாஸ்டசன் ஆகியோரும், அமெரிக்காவில் அன்டோனியாடிஸ் குழுவினரும் தனித்தனியே அதைச் சாதித்தார்கள். தட்டணுவழி வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். ஆங்கில முதலெழுத்துகளால் பிடிஜிஎஃப் என்று சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அதன் அமைப்பிலேயே அது வேலை செய்யும் விதம் இருக்கிறது. இரண்டு புரதச் சங்கிலிகள் பிணைந்த இரட்டை மூலக்கூறு அது. ஏஏ, ஏபி, பிபி என்று மூன்று வகைகள் முதலில் தெரிந்தன. சிசி, டிடி இரண்டும் 2000, 2001 ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டன. இரட்டையாக இருப்பதால் செல்லின் மேற்பரப்பிலுள்ள இரண்டு ஏற்பிகளை அது ஒரே நேரத்தில் பற்றி அருகருகே இழுக்கிறது. நெருங்கிய இரு ஏற்பிகளும் ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ள, செல்லுக்குள் செய்தி பாய்கிறது. கொலாஜன் நூற்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் காயத்தை நோக்கி நகர்கின்றன, பெருகுகின்றன. புதிதாகக் கிளைக்கும் நுண்குழல்களைச் சுற்றி அணைத்து நிற்கும் பெரிசைட் செல்களும் இந்த அழைப்புக்கே வருகின்றன. பி சங்கிலியின் மரபணு நீக்கப்பட்ட எலிகள் பிறக்கும் தறுவாயில் ரத்தக் கசிவால் இறக்கின்றன. பெரிசைட் இல்லாத நுண்குழல்கள் வீங்கி வெடிப்பதே காரணம்.

இந்தச் செய்திக்கு ஆயுள் மிகக் குறைவு. ரத்த ஓட்டத்தில் கலந்த பிடிஜிஎஃப்பில் பாதி இரண்டு நிமிடங்களுக்குள் மறைந்துவிடுகிறது என்று பபூன் குரங்குகளில் அளந்திருக்கிறார்கள். காயத்தில் தட்டணுக்கள் கொட்டும் முதல் அலை ஓய்ந்ததும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் அங்கே வந்து தாமே அதைச் சுரக்கின்றன. வேலை முடிந்ததும் அதுவும் அடங்குகிறது. உடல் இதை ஏன் இவ்வளவு கட்டுப்பாட்டோடு செலவழிக்கிறது என்பதற்கான விடை 1983இல், யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. சான் டியாகோவில் ரஸ்ஸல் டூலிட்டில் தாமே சேகரித்து வந்த புரத வரிசைகளின் தொகுப்பில் தேடியபோது, பிடிஜிஎஃப்பின் பி சங்கிலியும், குரங்குகளில் புற்றுக்கட்டியை உண்டாக்கும் ஒரு வைரஸின் 'சிஸ்' என்னும் மரபணு தரும் புரதமும் ஏறக்குறைய ஒன்றே என்று தெரிந்தது. லண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டின் குழுவும் அதே வாரங்களில் அதே முடிவுக்கு வந்திருந்தது. புற்றுநோய் மரபணு ஒன்று உடலின் இயல்பான ஒரு வளர்ச்சிக் காரணியின் மாற்றுருவமே என்று முதன்முதலில் காட்டிய கண்டுபிடிப்பு இது. புண்ணை ஆற்றும் அழைப்பும் கட்டியை வளர்க்கும் அழைப்பும் ஒன்றுதான். ஒன்று நிற்கிறது, மற்றது நிற்பதில்லை. ராஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட தமனித் தடிப்பு நோயிலும் இதே காரணிக்குப் பங்கு உண்டு. மீளாக்க மருத்துவத்தைப் பற்றிப் பேசுவோர் இந்த வரலாற்றைத் தாண்டிக் குதித்துவிடுவது எனக்குக் கவலை தருகிறது.

ஈஸ்ட் செல்களில் உற்பத்தி செய்த பிடிஜிஎஃப்-பிபி, பெகாப்லெர்மின் என்ற பெயரில் 1997 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சர்க்கரை நோயாளிகளின் ஆறாத காற்புண்ணுக்கான ஜெல் அது. ஒரு கிராமில் 100 மைக்ரோகிராம் மருந்து. 382 நோயாளிகளைக் கொண்ட முக்கியமான சோதனையில், 20 வாரங்களில் இந்த ஜெல் இட்டவர்களில் 50 சதவீதத்தினருக்குப் புண் முழுதாக மூடியது. மருந்தில்லாத ஜெல் இட்டவர்களில் 35 சதவீதத்தினருக்கு. மூடுவதற்கான காலம் 127 நாளிலிருந்து 86 நாளாகக் குறைந்தது. இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். மருந்தே இல்லாமல் மூன்றில் ஒருவருக்கு ஆறியிருக்கிறது. மருந்து இருந்தும் இரண்டில் ஒருவருக்கு ஆறவில்லை. மூலக்கூறு, அதன் ஏற்பி, அந்த ஏற்பி செல்லுக்குள் அனுப்பும் செய்தி என்று அணு அணுவாக அறிந்த ஒன்று படுக்கையருகே வரும்போது நூறில் பதினைந்து பேருக்குக் கூடுதலாக உதவுகிறது. குறைந்த பலன் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் அந்தப் பதினைந்து பேரில் சிலருக்கு அது காலையே காப்பாற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அற்புதம் என்று விற்பதற்கும் இடமில்லை.

இந்த இடைவெளிக்கான காரணத்தைப் புண்ணிலேயே தேட வேண்டும். நாட்பட்ட புண்ணின் கசிவில் புரதங்களை வெட்டும் நொதிகள் மிகுந்திருக்கும். இட்ட காரணியை அவை சிதைத்துவிடும். செத்த சதையும் கிருமிப் படலமும் மூடியிருந்தால் மருந்து செல்லைச் சேர்வதே இல்லை. டேவிட் ஸ்டீட் 1996இல் வெளியிட்ட ஆய்வில், செத்த சதையை அடிக்கடி வெட்டிச் சுத்தம் செய்த மையங்களில் நன்றாக ஆறியது, அதைக் குறைவாகச் செய்த மையங்களில் பெகாப்லெர்மின் இட்டும் ஆறுவது குறைந்தது. பாதத்தின் மேல் விழும் சுமையைக் குறைக்காவிட்டால், ரத்தம் போகாத காலில் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாவிட்டால், எந்தக் காரணியை ஊற்றியும் பயனில்லை. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் அதன் பரவல் 14.4 சதவீதம் என்றும் கணித்தது. வெயிலில் காய்ந்த கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றிவந்து, சுட்டதே தெரியாமல் கொப்புளத்தோடு வீடு திரும்பும் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால், நமக்கு முதலில் தேவைப்படுபவை கத்தி பிடிக்கத் தெரிந்த கையும், சுமை தாங்கும் கட்டும், பொருத்தமான செருப்பும். வளர்ச்சிக் காரணி அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

புற்றுநோய் அச்சம் பெகாப்லெர்மினைத் தொடர்ந்து வந்தது. மூன்றோ அதற்கு மேலோ குழாய் ஜெல் பயன்படுத்தியவர்களிடையே புற்றுநோய் மரணம் கூடுதலாகத் தெரிந்ததால் 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. பின்னர் 2018 டிசம்பரில் அதை நீக்கியது. அளவைப் பற்றிய மற்றொரு பாடம் பல் ஈறு மருத்துவத்திலிருந்து வந்தது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்த இடத்தில், கால்சியம் பாஸ்பேட் குருணையோடு பிடிஜிஎஃப்பைக் கலந்து வைக்கும் முறை 2005இல் அனுமதி பெற்றது. 180 பேரிடம் நடந்த சோதனையில் மில்லிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் செறிவுள்ள கரைசல் ஆறு மாதத்தில் குழியின் 57 சதவீதத்தை எலும்பால் நிரப்பியது. மருந்தில்லாத குருணை 18 சதவீதம். 0.3 மில்லிகிராம் கரைசலைவிட மூன்று மடங்குக்கு மேல் செறிவான 1.0 மில்லிகிராம் கரைசல் அந்த அளவு பலன் தரவில்லை. கூடக் கொடுத்தால் கூட விளையும் என்ற எண்ணத்துக்கு இந்தப் புரதம் உடன்படுவதில்லை. 2015இல் கணுக்கால் மூட்டு இணைப்பு அறுவைக்கும் இதே சேர்க்கை அனுமதி பெற்றது. அங்கே அதன் நன்மை, இடுப்பெலும்பிலிருந்து எலும்பு வெட்டி எடுக்கும் இரண்டாவது காயத்தைத் தவிர்ப்பது.

பிடிஜிஎஃப் வேலை செய்யும் விதம் தெளிவான பிறகே அது மருந்தானது. கண்ணாடி வழியாக அதே மருத்துவத்துக்குள் வந்த சிலிக்கானின் கதை இதற்கு நேர் எதிராக நடந்தது. பூமியின் மேலோட்டில் எடையளவில் கால் பங்குக்கு மேல் இருக்கும் தனிமம் அது. மனித உடலில் மொத்தமே ஒன்றிரண்டு கிராம். 1970இல் கலிஃபோர்னியாவில் எடித் கார்லைல், எலி, சுண்டெலிக் குட்டிகளின் எலும்பை எலக்ட்ரான் கற்றையால் புள்ளி புள்ளியாக ஆராய்ந்தார். எலும்பு புதிதாக உருவாகும் ஓரங்களில் சிலிக்கான் குவிந்திருந்தது. கால்சியம் நிரம்பி எலும்பு முதிரும்போது அது குறைந்துபோனது. 1972இல் சிலிக்கான் குறைந்த தீவனத்தில் வளர்த்த கோழிக்குஞ்சுகள் சரியாக வளரவில்லை என்றார். அதே ஆண்டு கிளாஸ் ஷ்வார்ட்ஸும் மில்னும் எலிகளில் அதையே சொன்னார்கள். சிலிக்கான் உயிருக்கு இன்றியமையாத தனிமம் என்ற கருத்து அப்போது வேரூன்றியது.

ஆனால் 1991இல் எலியட்டும் எட்வர்ட்ஸும் கோழிக்குஞ்சுகளில் மறுபடி செய்து பார்த்தபோது அந்த வளர்ச்சி வேறுபாடு கிடைக்கவில்லை. 2008இல் ரவின் ஜக்தவோசிங்கின் குழு தீவனத்திலும் குடிநீரிலும் சிலிக்கானைக் குறைத்து எலிகளை வளர்த்தது. அவற்றின் எலும்பு குட்டையாவதற்குப் பதில் சற்றே நீண்டது. எலிகளின் சிறுநீரகம் சிலிக்கானை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொண்டது. உடல் சேமிக்கும் பொருள் உடலுக்குத் தேவையானதாகவே இருக்க வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். எனக்கும் அந்த வாதம் பிடிக்கும். ஆனாலும் சிலிக்கானைப் பற்றிக்கொள்ளும் ஒரு நொதியையோ ஏற்பியையோ மனித உடலில் யாரும் காட்டியதில்லை. நெற்பயிரில் நிலை வேறு. வேரில் சிலிக்கானை உறிஞ்சும் புரதத்தின் மரபணுவை 2006இல் ஜப்பானில் ஜியான் ஃபெங் மாவின் குழு கண்டுபிடித்தது. அது வேலை செய்யாத நெல்லுக்குப் பூச்சியையும் நோயையும் தாங்கும் வலு குறைகிறது. நீரையும் கிளிசராலையும் கடத்தும் மனிதப் புரதங்கள் சிலவற்றின் வழியாகவும், சிலிக்கானின் கரைந்த வடிவமான ஆர்த்தோசிலிசிக் அமிலம் நுழைகிறது என்று 2015இல் தெரியவந்தது. செல்லுக்குள் நுழைந்த பிறகு அது என்ன செய்கிறது என்பதுதான் விடுபட்ட பக்கம்.

மக்களிடம் நடந்த ஆய்வுகளும் இதே மாதிரி பாதியில் நிற்கின்றன. 2004இல் வெளியான ஃப்ரேமிங்ஹாம் வாரிசுகள் ஆய்வில் 2847 பேரின் உணவையும் இடுப்பெலும்பு அடர்த்தியையும் ஒப்பிட்டார்கள். உணவில் சிலிக்கான் கூடக்கூட ஆண்களிடமும், மாதவிடாய் நிற்காத பெண்களிடமும் அடர்த்தி கூடியது. எலும்புத் தேய்வு அதிகம் தாக்கும், மாதவிடாய் நின்ற பெண்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. சிலிக்கான் மிகுந்த உணவு என்பது பெரும்பாலும் முழுத்தானியமும் காய்கறியும்தான். அவற்றில் இருக்கும் மற்ற நூறு சத்துகளிலிருந்து சிலிக்கானை மட்டும் பிரித்துப் பார்ப்பது இத்தகைய ஆய்வால் முடியாது.

இப்படித் தடுமாறிக்கொண்டிருந்த தனிமத்துக்கு மருத்துவத்தில் உறுதியான இடம் கிடைத்தது கண்ணாடி வழியாக. 1967இல் நியூயார்க் மாநிலத்தில் ராணுவத்தின் பொருளறிவியல் மாநாடு ஒன்றுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகத்தின் லாரி ஹென்ச், வியட்நாம் போர்க்களத்திலிருந்து திரும்பியிருந்த ஒரு கர்னலின் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஒதுக்கித் தள்ளுகிறது, அதனால் எத்தனையோ வீரர்களின் கைகால்களை வெட்ட வேண்டியிருக்கிறது, உடல் ஏற்கும் பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று கர்னல் கேட்டார். ஹென்ச் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். 1969இல் எடையில் 45 சதவீதம் சிலிக்கா என்னும் சிலிக்கான் ஆக்சைடு, 24.5 சதவீதம் சோடியம் ஆக்சைடு, 24.5 சதவீதம் கால்சியம் ஆக்சைடு, 6 சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு கலந்து உருக்கிய கண்ணாடியை எலியின் தொடையெலும்பில் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து அதைப் பிடுங்கிப் பார்த்த அறுவை மருத்துவர் டெட் கிரீன்லீ, அது வர மறுக்கிறது என்று ஹென்ச்சைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். சுற்றிலும் நார்த்தழும்பு இல்லை. எலும்பு கண்ணாடியோடு ஒட்டிவிட்டிருந்தது.

அந்த ஒட்டுதலின் வேதியியலைப் பிந்தைய ஆண்டுகளில் ஹென்ச் படிப்படியாக விளக்கினார். உடல் திரவம் பட்டதும் கண்ணாடியிலிருந்து சோடியம் வெளியேறுகிறது, அதனிடத்தில் ஹைட்ரஜன் புகுகிறது. மேற்பரப்பில் சிலிக்கா கரைந்து மீண்டும் ஒன்று சேர்ந்து ஜெல்லாகிறது. அந்த ஜெல்லின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்சிகார்பனேட் அபடைட் படிகமாகிறது. கொலாஜன் இழைகள் அதில் பதிந்துகொள்கின்றன. சிலிக்கா 60 சதவீதத்தைத் தாண்டினால் இவை நடப்பதில்லை. ஜன்னல் கண்ணாடி எலும்போடு ஒட்டாமலிருக்கும் காரணமும் அதுதான். 1985இல் நடுச்செவியின் எலும்புகளுக்கு மாற்றாக இது அனுமதி பெற்றது. 1993இல் ஈறுக்குழியை நிரப்பும் தூளாக வந்தது. பின்னர் பற்கூச்சத்துக்கான பற்பசையிலும் இடம்பிடித்தது. நம் பாட்டிமார் பல் தேய்த்த உமிக்கரியிலும் சிலிக்கா நிறைய உண்டு. ஆனால் அது உராய்ந்து தேய்க்கும் பொருள். ஹென்ச்சின் கண்ணாடித் தூள் கரைந்து, பல்லின் நுண்துளைகளில் தாதுவாகப் படிகிறது. ஃபின்லாந்தின் துர்க்குவில் பிறந்த, 53 சதவீதம் சிலிக்கா கொண்ட மற்றொரு கண்ணாடி, சீழ்பிடித்த எலும்பின் குழிகளை நிரப்பப் பயன்படுகிறது. கரையும்போது சுற்றுப்புறத்தைக் காரமாக்கிக் கிருமிகளைத் தடுப்பது அதன் தனிச்சிறப்பு.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹென்ச், ஜூலியா போலக் ஆகியோருடன் சேர்ந்து சைனோஸ் செய்த ஆய்வு இந்த ஆராய்ச்சியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. கண்ணாடியே வேண்டாம், அது கரைந்த நீரை மட்டும் மனித எலும்புச் செல்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டு நாட்களில் செல்பெருக்கத்தைத் தூண்டும் பல மரபணுக்கள் விழித்துக்கொண்டன. இன்சுலினை ஒத்த இரண்டாம் வளர்ச்சிக் காரணியும் கூடியது. ரிச்சர்ட் டேயின் ஆய்வில், கண்ணாடித் தூளைத் தொட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ரத்தக் குழாய் வளர்க்கும் காரணிகளைச் சுரந்தன. 2003இல் ரெஃபிட் குழு ஆர்த்தோசிலிசிக் அமிலத்தை மட்டும் கொடுத்து, எலும்புச் செல்கள் கூடுதலாகக் கொலாஜன் செய்வதைக் காட்டியது. தட்டணு வெளியிலிருந்து கொண்டுவரும் செய்தியை, கரையும் கண்ணாடி செல்லையே எழுதவைக்கிறது என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. மிகவும் கவர்ச்சியான எண்ணம். நான் அதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

காரணம் உண்டு. கண்ணாடி கரைந்த நீரில் சிலிக்கான் தனியாக இல்லை. கால்சியம் இருக்கிறது, பாஸ்பேட் இருக்கிறது, சோடியம் இருக்கிறது, காரத்தன்மை ஏறியிருக்கிறது. கால்சியத்துக்கு எலும்புச் செல்லில் ஏற்பி உண்டு என்பது தெரிந்த செய்தி. சிலிக்கான் கலந்த ஹைட்ராக்சிஅபடைட் எலும்பு நிரப்பியாக விற்பனைக்கு வந்த பிறகு, ஸ்விட்சர்லாந்தின் மார்க் போனர் 2009இல் எல்லா ஆய்வுகளையும் எடுத்து அலசினார். அந்தப் பொருள் நன்றாக வேலை செய்வது உண்மை, ஆனால் அதிலிருந்து வெளிவரும் சிலிக்கான்தான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார். கரைவேகமும் மேற்பரப்பின் கரடுமுரடும் மாறியிருக்கின்றன, அவையே போதும் என்பது அவர் வாதம். இதைவிடக் கூர்மையான எதிர்ச்சான்று அமெரிக்காவின் மிசூரியிலிருந்து வந்தது. டெல்பர்ட் டே, ஸ்டீவன் ஜங் ஆகியோர் பஞ்சுமிட்டாய் போல நூற்ற கண்ணாடி இழை தோல் புண்ணில் வைப்பதற்கானது. அந்தக் கண்ணாடியில் சிலிக்கா அறவே இல்லை, அதனிடத்தில் போரான் ஆக்சைடு. 40 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான சோதனையில், 12 வாரத்தில் அந்த இழை வைத்தவர்களில் 70 சதவீதத்தினருக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 25 சதவீதத்தினருக்கும் காற்புண் மூடியது. சிறிய சோதனைதான். ஆனாலும் சிலிக்கான் இல்லாமலே கண்ணாடி புண்ணை ஆற்றுகிறது என்றால், சிலிக்கான் கண்ணாடியின் வெற்றியைச் சிலிக்கானின் கணக்கில் எழுதுவது அவசரம்.

இரண்டு கதைகளும் உண்மையில் சந்திக்கும் இடம் ரத்தம் உறையும் தருணம். 1955இல் கிளீவ்லாந்தில் ஆஸ்கர் ராட்னாஃப் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். ஜான் ஹேக்மன் என்ற ரயில்வே ஊழியரின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் நெடுநேரம் உறையவில்லை. ஆனால் அவருக்குக் காயம் பட்டால் ரத்தம் இயல்பாகவே நின்றது. அவரிடம் இல்லாத காரணி இன்று பன்னிரண்டாம் உறைகாரணி எனப்படுகிறது. கண்ணாடி, சிலிக்கா, களிமண் போன்றவற்றின் எதிர்மின்சுமை கொண்ட மேற்பரப்பு அதைத் தூண்டுகிறது. அந்தத் தொடரின் முடிவில் த்ராம்பின் உருவாகிறது, த்ராம்பின் தட்டணுவைத் திறக்கிறது, பிடிஜிஎஃப் கொட்டுகிறது. அமெரிக்கப் படைவீரர்களின் முதலுதவிப் பையில் 2008 முதல் இருக்கும் காயத்துணியில் கயோலின் என்னும் அலுமினியம் சிலிகேட் தோய்த்திருப்பது இந்த வழியைப் பயன்படுத்தத்தான். ஏற்பி தெரியாத சிலிக்கானுக்கு மனித உடலில் தெளிவாக விளங்கிய வேலை இது ஒன்றே. அதையும் அது செய்வது கரைந்த சத்தாக அல்ல, மேற்பரப்பாக.

பல் மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஃபைப்ரின் படலம் இதே சந்திப்பில் நிற்கிறது. 2001இல் ஃபிரான்ஸில் ஜோசப் ஷுக்ரூன் அறிமுகப்படுத்திய முறை அது. நோயாளியின் ரத்தத்தை உறைதடுப்பான் இல்லாத குழாயில் எடுத்து உடனே சுழற்றினால், தட்டணுக்களைப் பிடித்துவைத்த ஃபைப்ரின் கட்டி கிடைக்கும். அதை அழுத்திப் படலமாக்கி, பல் எடுத்த குழியிலோ ஈறுக்குள்ளோ வைப்பார்கள். முதலில் கண்ணாடிக் குழாய்களில் செய்தார்கள். பிளாஸ்டிக் குழாய்கள் வந்தபோது உட்சுவரில் சிலிக்கா பூசினார்கள். அந்தப் பூச்சிலிருந்து உதிரும் நுண்துகள்கள் படலத்துக்குள் போய் ரத்த அணுக்களில் ஒட்டிக்கொள்வதை 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் காட்டினார்கள். ரத்தப் பரிசோதனைக்குச் செய்த குழாயைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பல மருத்துவமனைகள் இன்னும் யோசிக்கவில்லை. குழாயின் வகையை நோயாளி கேட்டால் பதில் சொல்லும் நிலையில் மருத்துவர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிலிக்காத் துகளை உடல் எப்படி எதிர்கொள்ளும் என்பதற்கு நுரையீரல் சாட்சி. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல் தீட்டுவோரும், மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் சிலேட்டுக் குச்சி அறுப்போரும் சிலிக்கோசிஸால் இளவயதிலேயே மாண்டதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. படிகச் சிலிக்காத் துகளை விழுங்கிய மேக்ரோஃபேஜ் அதைச் செரிக்க முடியாமல் சிதைகிறது, துகள் வெளியே வருகிறது, அடுத்த மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அழற்சிச் செய்திகளும் பிடிஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளும் சுரக்க, ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ஓயாமல் கொலாஜன் நூற்று நுரையீரலைத் தழும்பாக்குகின்றன. நுரையீரல் தழும்பு நோய்களுக்கு 2014 முதல் கொடுக்கப்படும் நின்டெடானிப் மாத்திரை தடுக்கும் மூன்று ஏற்பிக் குடும்பங்களில் ஒன்று பிடிஜிஎஃப்பின் ஏற்பி. காற்புண்ணில் காசு கொடுத்து வாங்கி ஊற்றும் அழைப்பை, நுரையீரலில் காசு கொடுத்து அடக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் சந்தை தன் போக்கில் போகிறது. தட்டணு செறிந்த பிளாஸ்மாவை முழங்காலுக்கும், தலைமுடிக்கும், முகச் சுருக்கத்துக்கும் ஊசியாகப் போடுகிறார்கள். 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த சோதனையில், மூட்டுத் தேய்மானத்துக்கு அந்த ஊசி உப்புநீரைவிட வலியையும் குறைக்கவில்லை, குருத்தெலும்பையும் காக்கவில்லை. ஊசிக்கு முன் அதில் எத்தனை தட்டணு இருக்கிறது என்று பல இடங்களில் எண்ணுவதுகூட இல்லை. எண்ணினாலும் அவற்றிலிருந்து எவ்வளவு பிடிஜிஎஃப், எவ்வளவு நேரம் வெளிவரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலிக்கான் மாத்திரைகளோ முடிக்கும் நகத்துக்கும் எலும்புக்கும் என்று விற்கப்படுகின்றன. எலும்படர்த்தி குறைந்த பெண்களிடம் நடந்து 2008இல் வெளியான நல்ல சோதனையில், முதுகெலும்பின் அடர்த்தி மாத்திரையால் மாறவில்லை. சித்த மருத்துவத்தின் மூங்கிலுப்பும் பெரும்பகுதி சிலிக்காதான். சோழமண்டலக் கரையில் பேட்ரிக் ரஸ்ஸல் திரட்டிய மூங்கிலுப்பை, பின்னாளில் தம் பெயரால் ஒரு பெரிய நிறுவனம் உருவாகக் காரணமாகவிருந்த ஜேம்ஸ் ஸ்மித்சன் 1791இல் லண்டனில் பகுத்துப் பார்த்து, சிலிக்கா என்று எழுதினார். அதில் எவ்வளவு கரைந்து ரத்தத்தில் சேரும் என்பது வேறு கேள்வி. வாழைப்பழத்தில் சிலிக்கான் ஏராளம், அதில் குடல் உறிஞ்சுவது மிகச் சொற்பம்.

இப்போது சோதனைக்கூடங்களில் இரண்டையும் இணைக்கும் முயற்சி நடக்கிறது. நுண்துளைகள் நிறைந்த சிலிக்காக் குருணைக்குள் பிடிஜிஎஃப்பை அடைத்து, கண்ணாடி கரையக் கரையப் புரதம் மெல்ல வெளிவரும்படி விலங்குகளில் செய்து பார்க்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் கலைந்துபோகும் செய்தியை நாட்கணக்கில் நீட்டுவது நோக்கம். இதை வரவேற்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, நீட்டிய செய்தி எப்போது நிற்கும் என்பதைக் குருணையின் வடிவமைப்பிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். 'சிஸ்' மரபணுவின் வரலாறு தெரிந்தவர்கள் இதை விருப்பத் தேர்வாக விடமுடியாது. இரண்டாவது, ஒப்பீடு சரியாக இருக்க வேண்டும். துளையளவும் கரைவேகமும் வெளிவரும் கால்சியத்தின் அளவும் சமமாக உள்ள இரண்டு கண்ணாடிகள் வேண்டும். ஒன்றில் சிலிக்கான் இருக்க வேண்டும், மற்றொன்றில் அதற்குப் பதில் போரான். இரண்டிலும் பிடிஜிஎஃப் ஏற்றியும் ஏற்றாமலும் நான்கு வகை. நான்கையும், சுமை குறைத்து, செத்த சதை நீக்கி, ஒரே மாதிரி பராமரித்த காற்புண்களில் வைத்து, எந்தக் காலில் எது என்று அளப்பவருக்குத் தெரியாமல் அளக்க வேண்டும். அதற்கு வேண்டிய நோயாளிகளும் காற்புண் மருத்துவத்தில் பழகிய கைகளும் சென்னையிலும் மதுரையிலும் இருக்கின்றன. கண்ணாடி உருக்கத் தெரிந்த ஆய்வகங்களும் இந்த நாட்டில் உண்டு.